சுண்ணாம்பு மண்ணில் லாரித் தடம்

அரியலூர் வட்டாரம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்தது. ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லே 1979-இல் அரசு சிமெண்ட் ஆலையை இங்குக் கொணர்ந்தது. தனியார் ஆலைகளும் தொடர்ந்தன. மழையை நம்பிய மானாவாரிச் சீமைக்கு ஆலை வேலை வரமாகவே தோன்றிற்று. ஆயின் கல் தானே ஆலைக்கு நடந்து செல்வதில்லையே! மாட்டுவண்டி சென்ற ஊர்ச்சாலைகளில் டிப்பர் லாரிகள் புகுந்தன. திண்ணையிலும் சோற்றிலும் புழுதி, சாலையில் உயிரிழப்பு. விபத்து நேரும்போதெல்லாம் மக்கள் மறியலில் அமர்ந்தனர். அவர்கள் பெரிதும் வேண்டியது ஆலை மூடப்படுவதையன்று. லாரிகளுக்குத் தனிச்சாலையையும் பள்ளி நேரத்தில் தடையையுமே.

1995-இல் பெரம்பலூர் மாவட்டம் பிறந்தது. அரியலூர் 2001-இல் தனியாகி, மறு ஆண்டே இணைந்து, 2007-இல் மீண்டும் பிரிந்தது. ஆட்சியர் அலுவலகம் மாறியும் மனு மாறவில்லை.

தனிச்சாலைக் கோரிக்கை நியாயமானதே என்போம். எனினும் அதுவும் எவரோ ஒருவரின் முந்திரித் தோப்பைப் பிளந்து, வேறொருவர் வீட்டோரமாகத்தானே செல்லும்? லாரியின்றியும் கல்லைக் கொண்டுசெல்லலாம். மேகாலயக் குன்றுகளிலிருந்து எல்லை கடந்து, வங்கதேசத்தின் சத்தக் ஆலைக்குச் சுண்ணாம்புக் கல்லைச் சுமப்பது 17 கி.மீ. நீளக் கன்வேயர். அரியலூர்ச் சுரங்கங்கள் பல, தத்தம் ஆலைகளுக்கு அதனினும் அருகிலேயே உள்ளன.