பூவும் பாட்டும் வழக்கான காலம்

கீர்த்தனைப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலே எனக்குத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் நினைவு வந்துவிடும். நெல்லைச் சீமையில் 1774-இல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்கவைத்தார். ஊர்க்கூத்தில் குறத்தி குறி சொல்லும் அதே மெட்டுக்கட்டில் கிறிஸ்துவைப் பாடி, பெத்லகேம் குறவஞ்சி தந்தார். அந்தத் துணிச்சலை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

1820-களில் புதிய மிஷனரிகளோடு பிணக்கு மூண்டது. முந்தைய மிஷனரி பப்ரீசியுஸ் தமிழில் தந்த பழைய வேதாகமத்தை மாற்றலாமா, திருநாளிலும் கல்யாணத்திலும் பூ கூடுமா, ஆலயத்தில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கலாமா என்று வழக்கு. இவற்றில் நான் முழுக்கச் சாஸ்திரியார் பக்கம். ஜனங்களின் களிப்பு பூவிலும் பாட்டிலும்தானே இருந்தது! ஆனால் நற்கருணையிலும் சாதி வேறுபாடு நிற்கலாம் என்றாரே, அது தவறு. அந்த ஒன்றில் மிஷனரிகளே சுவிசேஷத்தின் பக்கம் நின்றார்கள்.

இந்தப் பிணக்கால் சாஸ்திரியார் பார்த்துவந்த மிஷன் வேலை போயிற்று. சுவார்ட்ஸிடம் பயின்ற இன்னொருவரான தஞ்சை மன்னர் சரபோஜி கைகொடுத்தார். வேலை போனாலும் பாட்டு நிற்கவில்லை. வாதம் செய்து எழுதிய அதே கை துதிப் பாடல்களையும் எழுதிக்கொண்டே இருந்தது. 1864-இல் அவர் மறைந்தார்.

லுத்தரன் சபையிலும் தென்னிந்தியத் திருச்சபையிலும் அவர் கீர்த்தனைகள் இன்று ஒலிக்கின்றன. வரும் கிறிஸ்துமஸுக்குக் குறவஞ்சியைத் தேடி எடுத்து, வீட்டில் வாய்விட்டுப் படியுங்கள்.