டைனோசர் திரைப்படங்கள்

டைனோசர்களை மையமாகக் கொண்ட படங்கள். வின்சர் மெக்கே கையால் வரைந்த ‘கெர்ட்டி’ (1914) முன்னோடிகளுள் ஒன்று. ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘ஜுராசிக் பார்க்’ (1993) இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும், அதில் டைனோசர்கள் தோன்றுவது ஏறத்தாழ கால்மணி நேரமே. காலடி அதிர்வில் வட்டம் வட்டமாய் நடுங்கும் தண்ணீர் டம்ளரே பாதி பயத்தைக் கிளப்பிவிடுகிறது. இப்படங்களின் ஈர்ப்பு இந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது. அறிவியல் துல்லியம் இரண்டாம்பட்சம்: படத்தில் ஆளுயரம் நிற்கும் வெலோசிராப்டர், உண்மையில் வான்கோழி அளவுள்ள, இறகு கொண்ட விலங்கு. ‘ஜுராசிக் வேர்ல்டு’ (2015) தமிழிலும் தெலுங்கிலும் பேசியது. தமிழ்நாட்டின் சொந்த டைனோசர், அரியலூர் வட்டாரத்துக் கல்லமேட்டில் கிடைத்த புருகத்காயோசாரஸ். 1980களில் பெயரிடப்பட்ட அதன் எலும்புகள் பின்னர் சிதைந்துபோனதால், அதன் பருமன் இன்றும் விவாதத்துக்குரியது.