ஒரு சோறு பதமா? - 'சைபர்பங்க் 2077' விளையாட்டின் முதற்பார்வை வரலாறு



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. பானை முழுவதும் ஒரே அடுப்பில், ஒரே நெருப்பில் வெந்திருக்கிறது என்ற நம்பிக்கையின்மேல் எழுந்த பழமொழி அது. பானைகள் இரண்டாக இருந்து, பதம் பார்க்க வேண்டிய சோற்றைச் சமைத்தவரே ஒரு பானையிலிருந்து மட்டும் எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? 2020ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் வெளிவந்த 'சைபர்பங்க் 2077' என்னும் கணினி விளையாட்டின் கதை இத்தகையதே. விளையாட்டைப் பற்றி வரலாற்றுக் கட்டுரையா என்று சிலர் வியக்கக்கூடும். நம் மாணவர்கள் நாள்தோறும் பேசும் ஒரு பொருளின் வரலாற்றை நாமும் அறிந்திருத்தல் நன்றே.

சைபர்பங்க் என்பது யாது?

உயர்ந்த தொழில்நுட்பமும் தாழ்ந்த வாழ்வும் ஒருங்கே நிலவும் எதிர்கால நகரத்தைப் படைத்துக் காட்டும் அறிவியல் புனைகதை வகைக்குச் சைபர்பங்க் என்று பெயர். புரூசு பெத்கே என்னும் அமெரிக்க எழுத்தாளர் தம் சிறுகதை ஒன்றுக்கு இச்சொல்லைத் தலைப்பாக இட்டார். அக்கதை 1983இல் அச்சேறியது. அதற்கு முந்தைய ஆண்டில் 'பிளேடு ரன்னர்' திரைப்படமும், அடுத்த ஆண்டில் வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' புதினமும் வெளிவந்து இவ்வகையை நிலைநிறுத்தின. பெருநிறுவனங்கள் அரசுகளைவிட வலிமை பெற்றிருப்பதும், மனித உடலில் இயந்திர உறுப்புகளைப் பொருத்திக்கொள்வதும் இக்கதைகளின் பொது இயல்புகள்.

1988இல் மைக் பாண்ட்ஸ்மித் என்னும் அமெரிக்கர் இவ்வுலகை மேசைமேல் ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டாக ஆக்கினார். தாளும் எழுதுகோலும் பகடையும் கொண்டு, நண்பர்கள் கூடியமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டு அது. நாம் பேசவிருக்கும் கணினி விளையாட்டு அதன் வழித்தோன்றலே. கலிபோர்னியாவில் அமைந்ததாகக் கற்பனை செய்யப்பட்ட 'நைட் சிட்டி' என்னும் நகரமே இரண்டிற்கும் பொதுவான களம்.

நம்பிக்கை வளர்ந்த விதம்

இவ்விளையாட்டை உருவாக்கியது போலந்து நாட்டின் சிடி புராஜெக்ட் நிறுவனம். பள்ளித் தோழர்களான மார்சின் இவின்ஸ்கி, மிகால் கிசின்ஸ்கி ஆகிய இருவரும் 1994இல் வார்சாவில் இதனைத் தொடங்கினர். பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்த அக்காலத்தில், போலந்துச் சந்தைகளில் திருட்டுப் படிகளே மலிந்திருந்தன. உரிய விலை கொடுத்து வாங்குவோருக்குத் தக்க பயன் கிடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, 1999இல் 'பால்டர்சு கேட்' என்னும் அயல்நாட்டு விளையாட்டைப் போலந்து நடிகர்களின் குரலோடு தாய்மொழியில் வெளியிட்டனர். பெட்டிக்குள் நிலப்படம் முதலியவற்றையும் வைத்துக் கொடுத்தனர். தாய்மொழிக்குக் கொடுத்த மதிப்பு வணிகத்திலும் வெற்றி தரும் என்பதற்கு இது சான்று.

பின்னர் அந்நிறுவனம் தானே விளையாட்டுகளைப் படைக்கத் தொடங்கியது. ஆந்திரே சப்கோவ்ஸ்கி என்னும் போலந்து எழுத்தாளரின் கதைகளை அடியொற்றி 2007, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் 'விட்சர்' விளையாட்டுகள் மூன்றும் வெளிவந்தன. 2011இல் அமெரிக்க அதிபர் ஒபாமா போலந்துக்கு வருகை புரிந்தபோது, அந்நாட்டுத் தலைமையமைச்சர் வழங்கிய பரிசுகளுள் இரண்டாம் 'விட்சர்' விளையாட்டும் ஒன்று. மூன்றாவது விளையாட்டுக்கு 16 சிறு இணைப்புகளை இலவயமாகவே வழங்கினர். வாங்குவோரை ஏய்க்காத நிறுவனம் என்ற நற்பெயர் இவ்வாறு இருபதாண்டுகளில் வளர்ந்தது.

எட்டாண்டுக் காத்திருப்பு

'சைபர்பங்க்' விளையாட்டு 2012ஆம் ஆண்டு மே திங்களில் அறிவிக்கப்பட்டது. 2013 சனவரியில் வந்த முன்னோட்டக் காணொளி, பணி முற்றுப்பெறும்போதுதான் வெளிவரும் என்று நாள் குறிக்காமலே முடிந்தது. 2019 சூன் திங்களில் நடிகர் கியானு ரீவ்ஸ் மேடையில் தோன்றி, 2020 ஏப்பிரல் 16 என்று நாள் அறிவித்தார். அந்நாள் முதலில் செப்டம்பர் 17க்கும், பிறகு நவம்பர் 19க்கும் தள்ளிப்போனது. விற்பனைக்குரிய படி ஆயத்தமாகிவிட்டது என அக்டோபர்த் தொடக்கத்தில் அறிவித்த பின்னரும், மீண்டும் ஒருமுறை திசம்பர் 10க்கு ஒத்திவைத்தனர். பணியாளரைக் கட்டாய மிகைநேர வேலைக்கு உட்படுத்தமாட்டோம் என்று முந்தைய ஆண்டில் கூறியிருந்தவர்கள், இறுதி வாரங்களில் கிழமைக்கு ஆறு நாள் வேலை செய்யப் பணித்தனர்.

இவ்வளவுக்குப் பின்னும் ஆவல் தணியவில்லை. 8 மில்லியன் பேர் விளையாட்டைக் கண்ணால் காணும் முன்பே பணம் செலுத்தி முன்பதிவு செய்திருந்தனர்.

இரண்டு முதற்பார்வைகள்

திசம்பர் 7ஆம் நாள் விமர்சகர்களின் கட்டுரைகள் வெளிவந்தன. அடுக்கடுக்காக உயர்ந்த கட்டடங்களும், வண்ண விளக்குகளும், மழை நனைத்த தெருக்களுமாக நைட் சிட்டியின் அழகைப் பலரும் வியந்தனர். தன் தலைக்குள் பொருத்திய சில்லில் இறந்துபோன பாடகன் ஒருவனின் நினைவைச் சுமந்து, தன் உயிருக்கான நாளை எண்ணும் கதைத்தலைவனின் நிலையைப் பாராட்டினர். வழுக்கள் நிறைய உள என்று குறிப்பிட்டபோதும், நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டிய மதிப்பெண்களே குவிந்தன.

நிற்க. அவர்கள் அனைவரும் பார்த்தது விலையுயர்ந்த கணினியில் ஓடும் படியை மட்டுமே. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய விளையாட்டுக் கருவிகளுக்கான படி, வெளியீட்டுக்கு முன் விமர்சகர் கைக்கு வரவேயில்லை. தாம் ஆடியபோது பதிவு செய்த காட்சிகளை முதற்கட்டுரைகளோடு வெளியிடவும் அவர்களுக்கு இசைவில்லை. நிறுவனம் கொடுத்த காட்சிகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது.

திசம்பர் 10 அன்று கதவு திறந்தது. 2013இல் விற்பனைக்கு வந்த அப்பழைய கருவிகளை வைத்திருந்தோர் கண்டது வேறொரு விளையாட்டு. உருவங்கள் மங்கித் தெரிந்தன; காட்சிகள் தடுமாறி நகர்ந்தன; ஆட்டம் நடுவே திடீரென நின்றுபோனது. புத்தம் புதிய கணினி வைத்திருந்தவர் அழகிய நகரத்தைக் கண்டார். ஏழாண்டுப் பழைய கருவியை வைத்திருந்தவர் வேகாத சோற்றைக் கண்டார். இருவரும் பணம் கொடுத்தே வாங்கியிருந்தனர்.

நான்கு நாள் கழித்து நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, வேண்டாதவர் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றது. அவ்வாரமே சோனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்து விளையாட்டை அகற்றிப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. பெரும் பொருட்செலவில் உருவான விளையாட்டொன்றுக்கு இத்தகைய நிலை நேர்வது அரிது. அது மீண்டும் அக்கடைக்குத் திரும்பியது 2021 சூன் 21 அன்றுதான்.

முதற்பார்வையால் விளைந்த நன்மை ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். அமெரிக்க இதழொன்றின் விமர்சகருக்கு, விளையாட்டில் வரும் மின்வெட்டு ஒளிக் காட்சியால் வலிப்பு ஏற்பட்டது. அவர் உடனே அதனை எழுதி எச்சரித்தார். நிறுவனமும் எச்சரிக்கை சேர்த்து, சில நாளில் அக்காட்சியை மாற்றியமைத்தது. நேர்மையாக எழுதப்பட்ட ஒரு குறிப்பு முகம் அறியாத பலரைக் காத்தது.

திருத்தமும் எஞ்சிய குறையும்

2021 சனவரியில் இவின்ஸ்கி காணொளி வழியே தோன்றி, பழைய கருவிகளுக்கேற்ப விளையாட்டைப் பொருத்தும் பணியின் கடுமையைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றும், பொறுப்பு தம்மையும் தலைமைக் குழுவையுமே சாரும் என்றும் கூறினார். பணியாளர்மேல் பழி போடாதது போற்றத்தக்கது. அதன்பின் திருத்தங்கள் தொடர்ந்தன. 2022இல் வந்த 'எட்ஜ்ரன்னர்சு' அசைவூட்டத் தொடர் புதியவர்களை ஈர்த்தது. 2023 செப்டம்பரில் ஆட்டமுறையையே மாற்றியமைத்த பெருந்திருத்தமும், 'பேன்டம் லிபர்டி' என்னும் விரிவாக்கமும் வெளிவந்து பெரும் பாராட்டைப் பெற்றன. 2024 நவம்பரில் விற்பனை 30 மில்லியன் படிகளைக் கடந்ததாக நிறுவனம் அறிவித்தது.

தோல்வியிலிருந்து மீண்டெழுந்த கதை என்று இதனை இன்று பலரும் எழுதுகின்றனர். அஃது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. 2023இன் பெருந்திருத்தமும் விரிவாக்கமும் பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வழங்கப்படவில்லை. முதல் நாளில் யார் மிகவும் ஏமாந்தனரோ, அவர்களுக்குப் புதிய கருவி வாங்க இயலாதவரை அந்த விருந்தில் இலை போடப்படவில்லை. மீட்சியின் வரலாற்றை எழுதுவோர் இவர்களை மறத்தல் ஆகாது.

நமக்குரிய பாடம்

ஆசிரியர்களே, வரலாற்றுப் பாடத்தில் சான்றுகளைப் பற்றிக் கற்பிக்கிறோம். நேரில் கண்டவர் எழுதியது முதல்நிலைச் சான்று என்று கூறி நின்றுவிடுகிறோம். கண்டவர் எந்த இடத்தில் நின்று கண்டார், எதனைக் காண அவருக்கு இசைவு கிடைத்தது, எதனைக் காட்ட மறுத்தனர் என்ற மூன்று வினாக்களையும் மாணவர் கேட்கப் பழக வேண்டும். திசம்பர் 7இல் எழுதிய விமர்சகர்கள் பொய் கூறவில்லை. அவர்கள் கண்டது பாதி. படித்தவர்கள் அதனை முழுமை என்று கொண்டனர். அரசவைப் புலவர் பாடிய மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போதும் இவ்வினாக்கள் பொருந்தும். மாணவர்க்குப் பழக்கமான விளையாட்டிலிருந்து தொடங்கினால் கல்வெட்டு வரை அழைத்துச் செல்லலாம்.

பெற்றோர்களே, இவ்விளையாட்டு ஐரோப்பியத் தரவரிசையில் 18 அகவைக்கு மேற்பட்டோர்க்கு உரியது. கொடுஞ்செயலும் பாலியல் காட்சிகளும் நிறைந்தது. நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வகையிலும் ஏற்றதன்று. பிள்ளை வேறு எந்த விளையாட்டைக் கேட்டாலும் முன்பதிவுக்கு விரையாதீர்கள். வெளிவந்து இரண்டு கிழமை பொறுங்கள். நம் வீட்டில் இருக்கும் அதே கருவியில் ஆடியவர் என்ன சொல்கிறார் என்று பிள்ளையையே தேடிப் படித்து வந்து சொல்லச் சொல்லுங்கள். காத்திருக்கவும் சான்று கேட்கவும் பிள்ளை அதனால் பழகும்.

சோறு பதமா என்று பார்ப்பது நல்ல வழக்கமே. எந்தப் பானையின் சோறு என்பதை முதலில் கேட்டறிவோம்.

அன்புடன்,
தமிழ்ப்பள்ளி ஆசிரியர்