திருடனுக்குப் பூட்டா? வீட்டுக்காரருக்கா?



எதிரணி நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "ரேஷன் கடையிலே கார்டு கேட்கிறாங்க, கொடுக்கிறோம். ஓட்டுச்சாவடியிலே கேட்டா மட்டும் கசக்குதா?" கைதட்டலும் வாங்கிட்டுப் போயிட்டார். ஐயா, அட்டை கேட்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அட்டை இல்லேன்னா ஆளே இல்லை என்று சொல்லும் சட்டம் இருக்கிறதே, அதைத்தான் தப்பு என்கிறேன்.

அமெரிக்காவில் இந்தியானா என்று ஒரு மாநிலம். அரசாங்கம் கொடுத்த புகைப்பட அட்டை இருந்தால்தான் ஓட்டு என்று 2005இல் அங்கே சட்டம் போட்டார்கள். 2008 மே மாதம், கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல். சவுத் பெண்ட் நகருக்குப் பக்கத்தில் ஒரு கன்னியர் மடம். எண்பது, தொண்ணூறு வயதான கன்னியாஸ்திரீகள் சுமார் 12 பேர் ஓட்டுப் போட வந்தார்கள். கார் ஓட்டுற வயசா அது, லைசென்ஸ் வைத்திருக்க? சிலர் கையில் பாஸ்போர்ட், அதுவும் காலாவதி. திருப்பி அனுப்பிட்டாங்க!

அனுப்பியது யார் தெரியுமா? அதே மடத்துக் கன்னியாஸ்திரீ! அன்றைக்கு அந்த அம்மாவுக்குத் தேர்தல் வேலை. தினமும் பார்க்கிற முகம். அவருக்கு ஆளைத் தெரியுது, சட்டத்துக்குத் தெரியலையே!

கள்ள ஓட்டைத் தடுக்கத்தானே என்பீர்கள். அதற்குச் சில நாள் முன்புதான், 2008 ஏப்ரலில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் அந்தத் தீர்ப்புரையிலேயே என்ன இருக்கிறது? இந்தியானாவின் சரித்திரத்தில் நேரில் வந்து ஆள்மாறாட்டம் செய்ததற்கு ஒரு சாட்சியமும் வழக்கில் இல்லை என்று இருக்கிறது. திருடனே வராத வீட்டுக்குப் பூட்டு. வாசலில் நிற்பதோ வீட்டுக்காரப் பாட்டி!

"அட்டை இலவசம்தானே?" இலவசம்தான். அதை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேணும். 2008இல் அதற்கு 3 முதல் 12 டாலர் வரை கட்டணம் இருந்தது. அந்த நாட்டின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களையும் ஏழைகளையும் தடுக்க 'ஓட்டு வரி' என்று ஒன்று இருந்தது. மத்திய தேர்தல்களில் அதை 1964இல் அரசியல் சட்டத் திருத்தம் ஒழித்தது. வர்ஜீனியா மாநிலத் தேர்தலுக்கு வாங்கிய ஒன்றரை டாலர் வரியை 1966இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஒன்றரை டாலர் அநியாயம். 12 டாலர் நியாயமா?

டெக்சாஸில் 2011இல் ஒரு சட்டம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸைக் காட்டினால் ஓட்டு. கல்லூரி மாணவர் அட்டையைக் காட்டினால் கிடையாது! பட்டியலில் பெயருள்ள சுமார் 6 லட்சம் பேரிடம் செல்லத்தக்க அட்டை இல்லை என்று 2014இல் நீதிமன்றம் கண்டது. அட்டை வாங்க முடியாதவர் உறுதிமொழி எழுதிக் கொடுத்து ஓட்டுப் போடலாம் என்று 2016இல்தான் வழி பிறந்தது.

நம்ம நாட்டில் 1993இல் சேஷன் காலத்தில் புகைப்பட அட்டை வந்தது. ஆனால் அது கையில் இல்லாவிட்டாலும், பட்டியலில் பெயர் இருந்தால், பாஸ்போர்ட் போன்ற வேறு ஆவணங்களைக் காட்டி ஓட்டுப் போடலாம். இந்த இரக்கம்தான் சட்டத்துக்கு அழகு.

பூட்டுப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவியை முதலில் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போடுங்கள் என்று கூறி, நல்ல தீர்ப்பு வேண்டி விடைபெறுகிறேன்.