கூண்டுக்குள் ஒரு கூடு

ஊர் விட்டு ஊர் வந்து குடியேறுவோர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும். நான்கு சுவரும் வேளைக்கு உணவும் இருந்துவிட்டால் மட்டும் ஓர் இடம் வீடாகிவிடாது. லோஹேகாவ் விமானத் தளத்தை அடுத்து வாழும் நம்மவரும் வாசலில் கோலமிட்டு, தொட்டியில் துளசி வைத்த பின்னரே அதனை வீடென்று கொள்கின்றனர். இது வாயில்லா உயிர்களுக்கும் பொருந்தும் என்பதை விஞ்ஞான உலகம் தாமதமாகவே உணர்ந்தது.

லோஹேகாவிற்குச் சில மைல் தொலைவில், புனே நகரில், 1952-ஆம் ஆண்டு வைரஸ் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. 1957-இல் சிமோகாவின் காடுகளில் குரங்குகள் மாண்டு விழுந்தபோது, கியாசனூர்க் காட்டு நோயின் வைரஸை இனங்கண்டோர் இந்நிலையத்தாரே. 1978 முதல் இது தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனமாக விளங்குகிறது. அந்நாளில் வைரஸை அறியச் சுண்டெலிக் குஞ்சுகளே பெருந்துணை. நம் நலத்திற்காக உயிர் ஈந்த அச்சிற்றுயிர்களுக்கு நாம் பட்ட கடன் யாது?

உணவு, நீர், தூய்மை ஆகிய மூன்றும் போதும் என்றே உலகெங்கும் சோதனைச் சாலைகள் நெடுநாள் கருதிவந்தன. கனடா நாட்டு உளவியல் அறிஞர் டொனால்டு ஹெப் சில எலிகளைத் தம் இல்லத்தில் வளர்த்தார். கூண்டில் வளர்ந்தவற்றைவிட அவை புதிர்வழிச் சோதனைகளில் மேம்பட்டு நின்றதை 1947-இல் அறிவித்தார். பின்னர் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார், துணையும் ஏணியும் சக்கரமும் பெற்ற எலிகளின் மூளைப் புறணி தனித்து அடைபட்டவற்றினும் கனத்திருந்ததை 1960-களில் காட்டினர்.

நம் நாட்டில் இவ்வுயிர்களுக்காகக் குரல் எழுப்பியவர் நம் தமிழகத்து ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார். 1952-இல் ராஜ்ய சபை உறுப்பினரான அவர் தொடங்கிய முயற்சியின் பயனாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்திற்கு அவரே முதல் தலைவர். சட்டம் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை. தேவையற்ற துன்பத்தையே தடுக்க முற்பட்டது. சோதனை விலங்குகளுக்கான தனி விதிகள் 1998-இல் வெளிவந்தன.

இதற்கெல்லாம் பெருஞ்செலவாகுமே எனச் சிலர் ஐயுறலாம். சுண்டெலிக்கு வேண்டுவது மை படாத மெல்லிய தாள் சிறிதளவே. அதனைத் தானே கிழித்துக் கூடு கட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தின் வெப்பம் பொதுவாக 20 முதல் 24 டிகிரி. சுண்டெலியின் உடலுக்கு உகந்ததோ ஏறத்தாழ 30 டிகிரி. அக்குளிரைத் தாங்க அதற்குக் கூடே போர்வை. எலிக்கு ஓர் அட்டைக் குழாயும் கடிக்க மரத்துண்டும், முயலுக்கு ஒரு பிடி வைக்கோலும், குரங்கிற்கு உட்கார மூங்கிற் கழியும், தவிட்டிடையே தேடியெடுக்கச் சிறிது தானியமும் போதும். அவற்றை நீராவியால் தொற்று நீக்கி இடுதல் வேண்டும்.

இவை ஆராய்ச்சி முடிவைக் கெடுக்குமோ என்ற அச்சமும் ஒருகாலத்தில் இருந்தது. ஒப்பிடும் எல்லாக் கூண்டுகளுக்கும் ஒரே பொருளை ஒரே அளவில் இட்டால் அவ்வச்சத்திற்கு இடமில்லை. மாறாக, குளிரிலும் தனிமையிலும் நலிந்த உடல் தரும் விடையே நம்மைப் பிழையான முடிவிற்கு இட்டுச் செல்லக்கூடும். ஆதலால் இவ்வுதவி கருணை மட்டுமன்று. உண்மையை நாடும் விஞ்ஞானத்தின் கடமையுமாகும். கடன் முழுவதும் இதனால் தீராது; எனினும், ஒரு துண்டுத் தாளால் தொடங்கக்கூடியதை இனியும் ஒத்திப்போட நமக்கு நியாயம் இல்லை.