மரவள்ளி ரொட்டித் திட்டம் (நைஜீரியா)

மரவள்ளி ரொட்டித் திட்டம் என்பது, ரொட்டி (பாண்) தயாரிக்கும் கோதுமை மாவுடன் உள்நாட்டு மரவள்ளி மாவையும் கலக்கச் செய்ய நைஜீரிய அரசு மேற்கொண்ட முயற்சி ஆகும். உலகில் மரவள்ளியை மிகுதியாக விளைவிக்கும் நாடு நைஜீரியா. ஆயினும் அங்கு நகர மக்களின் அன்றாட உணவாகிவிட்ட ரொட்டிக்குரிய கோதுமையில் பெரும்பகுதி இறக்குமதி செய்யப்படுகிறது.

வேலைவாய்ப்பு

பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு இரண்டு மூன்று நாட்களில் கெடத் தொடங்கும். நீர் மிகுந்த கிழங்கைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வதும் கட்டுபடியாகாது. ஆகவே ஆலை வயலுக்கு அருகிலேயே அமைய வேண்டியுள்ளது. தோலுரித்தல், துருவுதல், பிழிதல், உலர்த்துதல், அரைத்தல் ஆகிய வேலைகள் ஊரிலேயே தங்குகின்றன. கிழங்கின் இக்குறையே திட்டத்தின் பலம் எனலாம். புளிக்க வைத்து வறுக்கப்படும் 'காரி' என்னும் உணவைத் தயாரிப்பதில் பெரும்பாலும் பெண்களே ஈடுபடுகின்றனர். ரொட்டி மாவோ புளிக்கலாகாது; அறுவடை செய்த ஒரு நாளுக்குள் உலர்த்தப்பட வேண்டும். இதற்கு உலர்த்தி இயந்திரமும் எரிபொருளும் தேவை.

வரலாறு

1987 முதல் 1992 வரை கோதுமை இறக்குமதி தடைசெய்யப்பட்டிருந்தது. 2002இல் மரவள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய ஒலுசெகுன் ஒபசாஞ்சோ அரசு, பின்னர் 10 விழுக்காடு கலப்பை வலியுறுத்தியது. குட்லக் ஜொனாதன் ஆட்சியில் வேளாண் அமைச்சர் அக்கின்வுமி அடெசினா இதற்குப் புத்துயிர் அளித்தார். 2012இல் இறக்குமதிக் கோதுமை மாவின் மீதான வரி உயர்த்தப்பட்டது.

சிக்கல்கள்

மரவள்ளியில் பசையம் (குளூட்டன்) இல்லாததால், கலப்பு கூடக்கூட ரொட்டி உப்புவது குறைகிறது. காரியின் விலை ஏறும்போது உழவர்கள் கிழங்கை அதற்கே விற்றுவிடுவதால் மாவு ஆலைகளுக்குக் கிழங்கு கிடைப்பதில்லை. ஒரே தரத்தில் மாவு தொடர்ந்து வராத நிலையில் அடுமனைகள் கோதுமையையே நாடின.