புத்தூர்க் கோவிற்பற்றும் ஆம்ஸ்டர்டாம் பங்கு விலையும்

பிலிப்பஸ் பால்டேயஸ் என்ற ஒல்லாந்தப் பாதிரியார் 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட நூலில் யாழ்ப்பாணத்துக் கோவிற்பற்றுகளை விவரிக்கிறார். கோப்பாய், அச்சுவேலி, நாவற்குழியோடு புத்தூரும் அவற்றுள் ஒன்று. அதே ஆண்டு பிரெஞ்சுப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. 1658 முதல் இக்கோவிற்பற்றுகளை ஆண்டுவந்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பங்கு விலை சடுதியாகச் சரிந்தது. புத்தூரில் பயிர் விளைந்ததா, பொய்த்ததா என்பதற்கும் அச்சரிவுக்கும் தொடர்பே இல்லை. நம் ஊர்களை ஆண்ட கம்பனியின் விலையை எவை ஏற்றி இறக்கின என்பதை, அது இங்கே வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பிருந்து பார்க்க வேண்டும்.

1602இல் கம்பனி பொதுமக்களிடம் பங்கு திரட்டியது. ஆம்ஸ்டர்டாமில் மட்டும் 1,143 பேர் பெயர் பதிந்தனர். மொத்த முதல் ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். பத்தாண்டு கழித்துக் கணக்கு முடிக்கப்படும், விரும்பியவர் முதலை மீட்கலாம் என்று சாசனம் உறுதி கூறியது. அதுவரை பணம் வேண்டியவர் பங்கை இன்னொருவருக்கு விற்கலாம். கம்பனிப் பேரேட்டில் பெயர் மாற்றினால் போதும். விலை பேசும் நாளும் பெயர் மாற்றும் நாளும் வேறுவேறாக இருக்கலாம் என்பதே பின்னர் நடந்த எல்லாவற்றுக்கும் வழிவிட்டது.

அந்த இடைவெளியை நன்கு அறிந்தவர் ஐசக் லெ மேர். 1602இல் 85,000 கில்டர் முதலிட்டவர். பிணக்குற்றுக் கம்பனியை விட்டு விலகினார். 1609இல் சிலரைச் சேர்த்துக்கொண்டு, கையில் இல்லாத பங்குகளைப் பிற்காலத் தவணைக்கு விற்கத் தொடங்கினார். நட்ட வெங்காயத்துக்கு முற்பணம் வாங்கும் தோட்டக்காரருக்கு மண்ணில் பயிராவது நிற்கும். லெ மேரிடம் அதுவும் இல்லை. தவணைக்கு முன் விலை விழும், மலிவாக வாங்கிக் கொடுக்கலாம் என்ற கணக்கு மட்டுமே. பிரான்சில் போட்டிக் கம்பனி தொடங்கவும் அவர் இரகசியமாக முயன்றார். பங்கு விலை இறங்கியது.

இயக்குநர்கள் அரசிடம் முறையிட்டனர். 1610 பெப்ரவரி 27 அன்று, கையில் இல்லாத பங்கை விற்பது தடைசெய்யப்பட்டது. எதிர்த்தரப்பு வணிகரின் பதிலே எனக்கு முக்கியமாகப் படுகிறது: விலை விழுந்தது கம்பனியின் நிர்வாகத்தால் என்றனர். அது வெறும் சாட்டன்று. எட்டாண்டாகக் கம்பனி இலாபப் பங்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை. பணம் போர்க்கப்பல்களுக்குப் போனது. விற்றவர்கள் சரிவை வேகப்படுத்தினர் என்பதை ஏற்கிறேன். ஆனால் சரிவதற்கான காரணம் கம்பனிக்குள் இருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கம்பனி 75 வீத இலாபப் பங்கு அறிவித்தது, காசாக அல்ல, சாதிபத்திரியாக! வாங்கியவர்கள் அதை விற்க முடியாமல் திண்டாடினர். தவணைக்குப் பங்கு கொடுக்க வேண்டியிருந்த லெ மேரின் கூட்டாளிகளிற் சிலர் முறிந்துபோயினர்.

தடை அந்த வியாபாரத்தை ஒழிக்கவில்லை. ‘காற்று வாணிபம்’ என்ற பெயரோடு அது தொடர்ந்தது. தடையும் திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டது. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றம் நிறைவேற்றித் தராததால், சந்தை வாக்கு நாணயத்தில் ஓடியது.

பங்கு வெளியீட்டின் பக்கம் அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. 1612இல் கணக்கு முடித்துப் புதிதாக முதல் திரட்டும் கடப்பாட்டிலிருந்து கம்பனி விலக்குப் பெற்றது. புதிய பங்கு வந்தால் பழைய பங்கின் உரிமை பிரிந்து விலை தளரும். கையில் இல்லாமல் விற்றவருக்கு வாங்கிக் கொடுக்கச் சரக்கும் கிடைக்கும். இரண்டும் நிகழவில்லை. பங்குகளின் தொகை ஏறத்தாழ அப்படியே உறைந்தது; அதனால் ஒரு கப்பற்செய்திகூட விலையைப் பலமாக ஆட்டியது. மேலதிகப் பணத்துக்குக் கம்பனி கடன் வாங்கியது. ஊர்காவற்றுறையிலிருந்து ஏற்றிய யானைகளும் யாழ்ப்பாணத்துச் சாயவேரும் அதற்கு வருமானம் தந்தன. ஆனால் 1780இல் ஆங்கிலேயரோடு மூண்ட போருக்குப் பின் கடன் சுமை தாங்க முடியாததாயிற்று. 1795இல் யாழ்ப்பாணக் கோட்டை ஆங்கிலேயர் வசமானது. அடுத்த ஆண்டு, கடன்களோடு சேர்த்துக் கம்பனியையும் ஒல்லாந்த அரசு பொறுப்பேற்றது.